அப்பா சாகாத இடம்

அம்மா: அங்க வேண்டாம்.

மகள்: ஏம்மா? இந்த ஊருக்கு வர்றவங்க முதல்ல பாக்கறதே அந்த ஸ்டுடியோ கேட்டைத்தான். ரெண்டு பக்கமும் கல் குதிரை. நடுவுல நின்னு ஒரு போட்டோ. அதுக்குன்னே பஸ் பிடிச்சு வர்றாங்க.

அம்மா: வர்றவங்க வரட்டும். உன்னைப் பொண்ணு கேட்டு ஞாயித்துக்கிழமை வர்றாங்களே, அவங்க மட்டும் அங்க போகக் கூடாது. ஏன்னு உங்கப்பாவக் கேளு.

அப்பா: நான் என்ன பண்ணேன்?

அம்மா: நீங்க ஒண்ணும் பண்ணல. சினிமாவுல என்னைக்கு நீங்க எதையாவது பண்ணிருக்கீங்க? சும்மா கிடந்தீங்க.

அப்பா: ...வலது பக்கத்துக் குதிரைக்குக் கீழ. குண்டடிபட்டு.

மகள்: இது எனக்குத் தெரியாதே.

அப்பா: நீ அப்பத்தான் பள்ளிக்கூடம் போக ஆரம்பிச்சே. வாட்ச்மேன் வேஷம். வேஷம்னா... சட்டை மட்டும். சுடற வரைக்கும் வேற ஆளு. சுட்டதுக்கப்புறம் நான்.

அம்மா: பாத்துக்கோ. நிக்கற வாட்ச்மேன் வேஷத்தக்கூட உங்கப்பாவ நம்பி யாரும் குடுக்கல.

அப்பா: நிக்கறதுக்கு ஊர்ப்பட்ட ஆள் இருக்காங்க. படுக்கறதுக்குத்தான் ஆள் இல்ல.

அம்மா: ஆமா, பெரிய பஞ்சம். இதுல அந்த கேட்டுக்காரர் வேற. இவரைப் பாத்தா 'வாங்க'ன்னு சொல்ல மாட்டார். உள்ள பாத்து, 'பாடி வந்தாச்சு'ன்னு சத்தம் போடுவார். சம்பந்தியம்மா பக்கத்துல நிக்கும்போது அதைக் கேக்கணுமா?

மகள்: சரி. மேசை மேல நாம பரப்பி வெச்ச ஊர்ல உப்பு டப்பாதான் ஸ்டுடியோ. எடுத்துட்டேன். மேசையில மிச்சம் டீத்தூள், சீனி, தீப்பெட்டி, ஊறுகாய் பாட்டில்.

அம்மா: தீப்பெட்டி எது?

மகள்: பெரிய நடிகர் வீடு. ஞாயித்துக்கிழமை காலையில மாடியில வந்து ரசிகர்களுக்குக் கை காட்டுவார்.

அப்பா: கை காட்டறது அவர் இல்ல. அவரோட அண்ணன். தூரத்துலருந்து பாத்தா ஒரே மாதிரி இருக்கும். இவர் மதியம்தான் எழுந்திருப்பார்.

அம்மா: அண்ணன் கையோ தம்பி கையோ, வர்றவங்களுக்கு ஒரு கை ஆடினா போதும். அங்க நிம்மதியா போய் நிக்கலாமா, அதச் சொல்லுங்க.

அப்பா: நிக்கலாம்... வெளிய.

அம்மா: உள்ள என்ன?

அப்பா: நீச்சல் குளம்.

மகள்: அப்பா...

அப்பா: குப்புறத்தாம்மா. முகமே தெரியாது. ஆனா செக்யூரிட்டிக்கு என்னை நல்லாத் தெரியும். தண்ணி குடிச்சுட்டேன்னு அவர்தான் முதுகுல தட்டி எடுத்தார்.

அம்மா: பொணமா மிதக்கப் போனவர் பொணமாகவே ஆகப் பாத்தார். நீ என்னடி சிரிக்கற? தீப்பெட்டிய எடு.

மகள்: எடுத்துட்டேன். இது டீத்தூள் டப்பா. மலைப்படிக்கட்டு. டூயட்டெல்லாம் அங்கதான். மேல ஏறினா ஊரே தெரியும். அங்க யாரும் சாக மாட்டாங்க இல்ல?

அம்மா: ஏன் பேச்சக் காணோம்?

அப்பா: யோசிக்கறேன்.

அம்மா: யோசிக்கற அளவுக்கு இருக்கா?

அப்பா: ரெண்டு தடவைதான். படியில உருண்டு வந்தது சண்டைக்காரர். கீழ வந்து சேந்ததும் அவர் எழுந்து டீ குடிக்கப் போயிட்டார். அந்த இடத்துல நான் படுத்துக்கிட்டேன். டூயட் எடுக்கறவங்க வெயிட்டிங்ல இருந்தாங்க. எனக்கப்புறம் அவங்க ஆடினாங்க, அதே படியில.

அம்மா: கேட்டியா. உன் மாமியார் 'ஆகா, அந்தப் பாட்டுல வர்ற படி'ன்னு செருப்பைக் கழட்டிட்டு ஏறுவாங்க. அங்க பூ விக்கற பொம்பளை உங்கப்பாவப் பாத்து, 'என்ன அண்ணே, இன்னிக்கு நடந்து வர்றீங்க'ன்னு கேப்பா.

அப்பா: கேப்பா. நல்ல பொண்ணு.

அம்மா: நல்ல பொண்ணுதான். நம்ம பொண்ணு கல்யாணம் நின்னா அவ பூ குடுத்து ஆறுதல் சொல்லட்டும்.

மகள்: அம்மா, இஸ்திரிப் பெட்டி. சட்டை கருகுது.

அம்மா: கருகட்டும். எந்தச் சட்டை இது? ...காலர்ல இன்னும் சிவப்பா இருக்கே. ஊரெல்லாம் உடுப்பு துவைச்சு இஸ்திரி போடறவ நான். நடிகையோட புடவையில மைக்கறை, ராஜா அங்கியில குதிரை எச்சில், எல்லாம் போக்கிருக்கேன். இந்த மனுஷனோட ரத்தம் மட்டும் போக மாட்டேங்குது.

அப்பா: இந்தத் தடவ ரத்தத்துக்குக் காய்ச்சின பாகுல சீனி அதிகம்.

அம்மா: தெரியும். உங்களுக்கு முன்னாடி எறும்பு வீட்டுக்கு வந்துருச்சு.

மகள்: ஒருத்தர் பொய் ரத்தத்தப் பூசிக்கிட்டு வர்றார், ஒருத்தி அதைத் துவைக்கறா. நான் காலையிலருந்து சாயந்திரம் வரைக்கும் லேப்ல நிஜ ரத்தம் எடுக்கறேன். நல்ல குடும்பம்.

அம்மா: அந்த நிஜ ரத்தத்தப் பாத்துத்தான் ஸ்கேன் ரூம்ல வேலை பாக்கற இந்த மாப்பிள்ளைப் பையன் உன்கிட்ட வந்து பேசினான். அதை நெனச்சாவது ஒழுங்கா வழி சொல்லு. அவங்களுக்கு ஊர் காட்டணும். சினிமா சினிமான்னு உசுர விடற சம்பந்தி. ஊரைச் சுத்திப் பாத்துட்டு சாயந்திரம் வீட்டுக்கு வந்து பேசி முடிக்கறோம்னு சொல்லிருக்காங்க. அதுவரைக்கும் உங்கப்பா என்னவா இருக்கார்னு ஒரு குருவிகூட சொல்லிடக் கூடாது.

மகள்: சரி, கோர்ட்டு. சீனி டப்பா.

அப்பா: அது கோர்ட்டு இல்ல, லைப்ரரி. படத்துலதான் கோர்ட்டு.

மகள்: தெரியும்பா. எல்லாப் படத்துலயும் கடைசியில நாயகன் இறங்கி வர்ற வாசல். நிஜக் கோர்ட்ட விட அதுதான் கோர்ட்டு மாதிரி இருக்கு. அவங்கப்பா கட்டாயம் பாக்கணும்னாராம்.

அம்மா: அந்த மனுஷனா? அங்க கூட்டிட்டுப் போனா தொலைஞ்சோம். கண்ணாடிக்கடை வெச்சிருக்கறவர். நாள் முழுக்க அடுத்தவங்க கண்ணுக்குள்ள லைட் அடிச்சுப் பாக்கறதுதான் வேலை. ஒரு படத்துல ப்ரொபசர் போட்டிருந்தது பவர் இல்லாத கண்ணாடின்னு தியேட்டர்லயே எழுந்து நின்னு சொன்னாராம். பின்னாடி இருந்தவங்க உக்காரச் சொல்லிக் கத்தினாங்களாம். பையனே சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னான்.

அப்பா: கரெக்டாத்தான் சொல்லிருக்கார். பவர் இருந்தா லைட் திருப்பி அடிக்கும். அதனாலதான் வெறும் கண்ணாடி போடுவாங்க. சில சமயம் கண்ணாடியே இருக்காது, சட்டம் மட்டும்...

அம்மா: ஆகா. சம்பந்திங்க ரெண்டு பேரும் சட்டத்தப் பத்திப் பேசிட்டிருங்க. நான் கேக்கறது ஒண்ணுதான். அந்தக் கோர்ட்டு வாசல்ல?

அப்பா: கத்திக்குத்து. நாலாவது படி. சாட்சி சொல்ல வந்தவன்.

அம்மா: சாட்சி சொன்னீங்களா?

அப்பா: எங்க? வர்றப்பவே குத்திட்டாங்க. வசனம் இருந்துச்சு. 'ஐயா'ன்னு ஒரு வார்த்தை. எடிட்டிங்ல போயிடுச்சு.

மகள்: அந்த ஒரு வார்த்தையுமா?

அப்பா: ஏன் மூஞ்சி அப்படிப் போகுது? அந்தப் படம் நல்லா ஓடுச்சும்மா.

அம்மா: நீங்க இல்லாம ஓடியிருந்தா இன்னும் நல்லா ஓடியிருக்கும். சரி, டப்பிங் தியேட்டர். அது எப்படி? ஊர்லயே அங்க மட்டும்தான் பயமில்ல. உங்களை அங்க ஒருத்தருக்கும் தெரியாது. நீங்க எதுக்கு அங்க போகணும்? பேசினாத்தானே.

அப்பா: ...ஆமா. அங்க நான் போனதில்ல.

மகள்: அம்மா, போதும்.

அம்மா: என்ன போதும்? உள்ளதத்தான் சொன்னேன்.

அப்பா: விடும்மா. உள்ளதுதான். ஆனா டப்பிங் தியேட்டர்ல வெளியாள உள்ள விட மாட்டாங்க. சுவத்துக்கு வெளிய நின்னு என்ன பாப்பாங்க? ஏசி பெட்டியயா?

மகள்: கல்யாண மண்டப செட்டு? டூரிஸ்ட் பஸ்ஸெல்லாம் அங்க நிக்குது. எல்லாரும் மேடையில உக்காந்து மாலையும் கழுத்துமா போட்டோ எடுத்துக்கறாங்க. கல்யாணப் பேச்சுக்கு வர்றவங்களுக்குப் பொருத்தமாவும் இருக்கும்.

அம்மா: நல்ல யோசனை. நல்ல இடம். முகூர்த்தக் களை. ...என்னங்க?

அப்பா: ஒண்ணுமில்ல.

அம்மா: முழிக்கற முழியே சரியில்லையே.

அப்பா: மாப்பிள்ளையோட அப்பாவா.

அம்மா: அய்யோ.

அப்பா: எனக்கு முதல் தடவையா ஒரு உறவுமுறை குடுத்தாங்க. அதுக்கு முன்னாடி எல்லாம் 'அங்க கிடக்கறவன்'தான். தாலி கட்டற நேரத்துல நெஞ்சப் பிடிச்சுட்டுச் சாயணும். சாயறது வேற ஆளு. மேடைக்குக் கீழ கிடக்கறது நான். பட்டு வேட்டி குடுத்தாங்க. உங்கம்மாதான் அன்னிக்கு இஸ்திரி போட்டா.

அம்மா: போட்டேன். யாருக்குன்னு தெரிஞ்சிருந்தா இஸ்திரி போடாம சும்மா மடிச்சுக் குடுத்திருப்பேன்.

மகள்: அப்ப ஊறுகாய் பாட்டில். சினிமா மியூசியம். அங்க யாரும் நடிக்கறதில்ல. பழைய காமிரா, பழைய கிரீடம், கண்ணாடிப் பெட்டிக்குள்ள நடிகையோட செருப்பு. இத விட்டா வேற கதி இல்ல.

அம்மா: மியூசியம் நல்லதுதான். செத்த பொருள்தான் எல்லாம். இவர் போய்ப் படுத்தாலும் ஒண்ணும் தெரியாது.

அப்பா: ...போட்டோ இருக்கு.

அம்மா: எந்தப் போட்டோ?

அப்பா: வாசல்லயே, ஆள் உயரத்துக்கு. படத்துல நடிகர் செத்துப் போன தம்பியைத் தூக்கி மடியில வெச்சு அழுவாரே. அவருக்குப் பெரிய விருது கிடைச்ச காட்சி.

மகள்: அந்தத் தம்பி நீங்களா?

அப்பா: பின்ன? காட்சி பூரா மடியிலதான் இருந்தேன். வெயில் சரியா வரணும்னு காலையிலருந்து மத்தியானம் வரைக்கும் எடுத்தாங்க. அவர் கண்ணீர் என் காதுக்குள்ள போயிடுச்சு. அசையலையே நான். போட்டோல அவர் முகம் பாதிதான் தெரியும், குனிஞ்சிருப்பார். என் முகம் முழுசாத் தெரியும். கீழ அவர் பேர்தான் போட்டிருக்கு, அது வேற விஷயம்.

அம்மா: விருது அவருக்கு, காதுவலி உங்களுக்கு. சொட்டு மருந்து ஊத்தினது நான்.

மகள்: எனக்கு ஏன் சொல்லவே இல்ல நீங்க? நான் அந்தப் படத்தை எத்தனை தடவ பாத்திருக்கேன்...

அப்பா: பாத்தேல்ல? அப்ப அடையாளம் தெரியலையே உனக்கு. அதான் நல்ல பொணம்.

அம்மா: பெருமையைப் பாரு. பாட்டிலையும் எடு. மேசை காலியாயிடுச்சு. கேக்கறேன், இந்த ஊர்ல நீங்க சாகாத இடம்னு ஒண்ணு இருக்கா?

அப்பா: இருக்கு. இந்த வீடு. இத்தனை வருஷமா உன் சமையலைச் சாப்பிட்டும்.

அம்மா: கிண்டலுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. சரி. நான் ஒண்ணு சொல்றேன், ரெண்டு பேரும் கோச்சுக்கக் கூடாது.

மகள்: நீ இப்படி ஆரம்பிச்சாலே கோவம் வருது.

அம்மா: ஊருல எந்த இடத்துக்குப் போனாலும் வம்பு இடத்தால இல்ல. கூட வர்ற ஆளால. அந்தப் பூக்காரியோ கேட்டுக்காரரோ உன்னைப் பாத்து ஒண்ணும் சொல்லப் போறதில்ல, என்னைப் பாத்தும் சொல்லப் போறதில்ல. அதனால... ஞாயித்துக்கிழமை உங்களுக்கு அவுட்டோர்.

அப்பா: எனக்கா? கூப்பிடலையே.

அம்மா: நான் கூப்பிடறேன். வெளியூர் ஷூட்டிங், திடீர்னு வந்துருச்சு, தட்ட முடியல. நீங்க காலையிலேயே கிளம்பி உங்க தங்கச்சி வீட்டுக்குப் போயிடுங்க. ராத்திரி அவங்க பஸ் ஏறினதும் நானே போன் பண்றேன்.

மகள்: என்ன பேசற நீ? பொண்ணு கேட்டு வர்றாங்க, பொண்ணோட அப்பா வீட்டுல இருக்க மாட்டாரா?

அம்மா: கல்யாணத்தன்னிக்கு இருப்பார். அதுக்கு முன்னாடி எதுக்கு?

மகள்: கல்யாணத்தன்னிக்கு மட்டும் தெரியாதா?

அம்மா: அன்னிக்குத் தெரிஞ்சா தாலி ஏறியிருக்கும். அதுக்கப்புறம் என்ன தெரிஞ்சா என்ன?

மகள்: இப்ப அவங்ககிட்ட அப்பாவப் பத்தி என்னதான் சொல்லி வெச்சிருக்க?

அம்மா: உண்மையத்தான்.

மகள்: என்னன்னு?

அம்மா: சினிமாவுல இருக்கார்னு.

மகள்: அப்புறம்?

அம்மா: சம்பந்தியம்மா கேட்டாங்க, என்னவா இருக்கார்னு. காட்சியில இவர் எங்க இருக்கார்னு பாத்துட்டுத்தான் காமிராவையே வெப்பாங்கன்னேன். இவரைச் சுத்தித்தான் எல்லாரும் நிப்பாங்கன்னேன். இவர் வந்தாத்தான் பெரிய பெரிய நடிகருங்க அழவே ஆரம்பிப்பாங்கன்னேன். எதுல பொய் இருக்கு, காட்டு.

அப்பா: ...பொய் இல்லையே.

மகள்: நீங்க வேற ஏம்பா...

அப்பா: இல்லம்மா, நிஜமாவே நல்லாச் சொல்லிருக்கா. இவ்வளவு மரியாதையா என்னைப் பத்தி யாரும் சொன்னதில்ல.

அம்மா: நக்கலா?

அப்பா: பாதி.

மகள்: அவங்க டைரக்டர்னு நெனச்சிருப்பாங்க.

அம்மா: நெனக்கறது அவங்க இஷ்டம். ஏண்டி, என்னைக் கல்நெஞ்சுக்காரி மாதிரி பாக்கற? போன வருஷம் வந்தாங்களே, மரக்கடைக்காரங்க. மறந்து போச்சா? தட்டு வரைக்கும் வந்துச்சு. பையனோட அம்மா உன் கையைப் பிடிச்சுக்கிட்டே உக்காந்திருந்தாங்க. எதிர்ல டிவி ஓடுச்சு. நான் அணைச்சிருக்கணும். அணைக்கல.

மகள்: மறக்கல.

அம்மா: டிவியில உங்கப்பா. மேல வெள்ளைத்துணி. மூடறதுக்கு முன்னாடி முகத்தை ஒரு தடவ காட்டுவாங்களே, பாழாப் போன வழக்கம். இங்க சோபாவுல அதே முகம், பஜ்ஜியைக் கடிச்சுட்டிருக்கு. அந்தம்மா டிவியப் பாக்கறாங்க, இவரைப் பாக்கறாங்க, திரும்ப டிவியப் பாக்கறாங்க. கையை மெதுவா எடுத்துக்கிட்டாங்க. நல்ல காரியம் பேச வந்த இடத்துல இப்படி ஒரு சகுனமான்னு வாசல்ல செருப்பு போடும்போது சொன்னது என் காதுல விழுந்துச்சு. உங்கப்பா காதுலயும்தான் விழுந்துச்சு. ஆனா இவர் அசையல. அசையாம இருக்கறதுதான் தொழிலாச்சே. நீ அன்னிக்கு ராத்திரி சாப்பிடல. நானும் சாப்பிடல. இவர் மட்டும் சாப்பிட்டார்.

அப்பா: சாப்பிடலேன்னா நீங்க ரெண்டு பேரும் அழுதிருப்பீங்க.

அம்மா: சாப்பிட்டும் அழுதோம். ...எனக்கு இவர் தொழில்ல வெக்கம் இல்லடி. வெக்கம் இருந்தா இத்தனை வருஷம் எறும்போட சட்டை துவைப்பேனா? இன்னொரு அம்மா உன் கையை அப்படி உதறிட்டுப் போறதை என்னால பாக்க முடியாது. அவ்வளவுதான். அதுக்கு ஒரு நாள் இவர் தங்கச்சி வீட்டுல போய் இருந்தா என்ன குறைஞ்சு போகும்?

அப்பா: ஒண்ணும் குறையாது. நான் போறேன்.

மகள்: நீங்க போகக் கூடாது.

அப்பா: உங்கம்மா சொல்றதுல நியாயம் இருக்கு.

மகள்: நீங்க போனாலும் பிரயோஜனம் இல்ல.

அம்மா: ஏண்டி? என்னத்த மறைக்கற?

மகள்: நான் அவர்கிட்ட சொல்லிட்டேன்.

அம்மா: எவர்கிட்ட?

மகள்: ஸ்கேன் ரூம்ல. எங்கப்பா படத்துல பொணமா நடிக்கறவர்னு. அப்பாவப் பத்தித் தெரியாம கட்டிக்கறவர் எனக்கு வேண்டாம்னு சொன்னேன்.

அம்மா: அடிப்பாவி. எப்ப?

மகள்: போன வாரம்.

அம்மா: போன வாரமா? ஒரு வாரமா தெரிஞ்சுக்கிட்டுத்தான் என்னோட உக்காந்து உப்பு டப்பாவ நகத்திட்டிருக்கியா? ...என்ன சொன்னான்?

மகள்: சிரிச்சார். அப்புறம் வீட்டுல நானே பக்குவமா சொல்லிக்கறேன்னார். அன்னிலேருந்து அவங்க வீட்டுலருந்து ஒரு பேச்சும் இல்ல. அவருக்கும் அவங்க ஊர்க் கிளையில டூட்டி போட்டுட்டாங்க, நேர்ல கேக்கவும் முடியல. போன் பண்ணா, அப்பா கடையில இல்ல, எங்கயோ போயிருக்கார்னு மட்டும் சொல்றார். ஞாயித்துக்கிழமை வருவாங்களான்னே தெரியல எனக்கு. நீ ஆசையா எடத்தை யோசிச்சிட்டிருந்த. எப்படி சொல்றதுன்னு...

அம்மா: முடிஞ்சது. போ. டப்பாவையெல்லாம் அலமாரியில எடுத்து வை. இந்த ஊர்ல நமக்கு யாருக்கும் எதையும் காட்ட வேண்டிய வேலை இல்ல.

மகள்: அம்மா, அழாதம்மா.

அம்மா: நான் அழல. இஸ்திரி ஆவி.

அப்பா: வருவாங்க.

அம்மா: நீங்க சும்மா இருங்க. ஆறுதல் சொல்ல வந்துட்டார்.

அப்பா: ஆறுதல் இல்ல. வருவாங்க. காலையில முதல் பஸ்ல. அவர் சொன்னார்.

அம்மா: எவர்?

அப்பா: கண்ணாடிக்கடைக்காரர்.

மகள்: அவர் எங்க வந்தார் உங்ககிட்ட?

அப்பா: நேத்து ஷூட்டிங்ல. பெரிய வீடு, கூடத்துல என்னைப் போட்டிருக்காங்க. சுத்தி உக்காந்து அழறதுக்கு ஆள் பத்தல. வேடிக்கை பாக்க வந்தவங்கள்ல நாலு பேரைப் பிடிச்சு உக்கார வெச்சாங்க. என் தலைமாட்டுல ஒருத்தர். எனக்குக் கண்ணு மூடியிருக்கு, காது மட்டும்தான். கூலிக்கு அழறவங்க அழுகை எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். இது அது இல்ல. நிஜமாவே விக்கி விக்கி அழறார். 'கட்'டுன்னதும் எல்லாரும் எழுந்துட்டாங்க. இவர் எழுந்திருக்கல.

அம்மா: அவர்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?

அப்பா: நான் கண்ணைத் திறந்தேன். அவர் கண்ணாடியத் துடைச்சுப் போட்டுட்டு என்னைப் பாத்து, நீங்க லேப்ல வேலை பாக்கற பொண்ணோட அப்பாதானேன்னு கேட்டார். பையன் சொன்னதும் கடையச் சாத்திட்டு இந்த ஊருக்கு வந்து ஸ்டுடியோ ஸ்டுடியோவா என்னைத் தேடிருக்கார். பார்த்தா போதும்னு வந்தாராம். என் மூக்கும் மூஞ்சியும் செத்துப் போன அவரோட அண்ணன் மாதிரியே இருந்துச்சாம். அவர் போனப்ப அழ முடியலையாம் இவரால. எல்லா ஏற்பாடும் இவர் தலையில. நேத்து அழுதுட்டாராம்.

மகள்: ...என்னைப் பத்தி என்ன சொன்னார்?

அப்பா: அதுல பேச என்ன இருக்குன்னார். எங்க வீட்டுப் பொண்ணுன்னார்.

அம்மா: சம்பந்தியம்மா? அவங்களுக்குத் தெரியுமா?

அப்பா: தெரியும். பையன் சொல்லிட்டான். படுத்துக்கிட்டே பேர் வாங்கறவர்னா கெட்டிக்காரராத்தான் இருக்கணும்னாங்களாம்.

அம்மா: நேத்தே தெரியும். நேத்து ராத்திரி சாப்பிட்டீங்க, இன்னிக்குக் காலையில சாப்பிட்டீங்க. நான் இங்க ஊரையே மேசையில பரப்பி வெச்சுக்கிட்டு அல்லாடறேன். ஒரு வார்த்தை சொன்னா வாய் வலிக்குமா?

அப்பா: சொல்லத்தான் வந்தேன். அதுக்குள்ள நீ டப்பாவெல்லாம் எடுத்து வெச்சுட்டே. சரி, என்னை எங்க வெக்கறேன்னு பாக்கலாம்னு இருந்தேன். தங்கச்சி வீடு பரவால்ல. சாப்பாடு நல்லா இருக்கும்.

அம்மா: வாயை மூடுங்க. ஞாயித்துக்கிழமை நீங்கதான் முன்னாடி நிக்கறீங்க. அந்தச் சிவப்புக் காலர் சட்டை இல்ல, நீலச் சட்டை. நான் இப்பவே போடறேன் இஸ்திரி. ஸ்டுடியோ கேட்டுக்கோ, மலைப்படிக்கட்டுக்கோ, எங்க வேணா கூட்டிட்டுப் போங்க. பூக்காரி என்ன வேணா கேக்கட்டும். எல்லாத்தையும் பளிச்சுன்னு பேசிடலாம். இனிமே யாரும் யார்கிட்டயும் எதையும் மறைக்க வேண்டாம்.

அப்பா: அதுதான் முடியாது. சம்பந்தி தன் வீட்டம்மாகிட்ட ஃப்ரேம் வாங்க டவுனுக்குப் போறேன்னு சொல்லிட்டுத்தான் கடையச் சாத்திருக்கார். கடையப் போட்டுட்டு என்னைத் தேடி அலைஞ்சதும், கூட்டத்துல உக்காந்து அழுததும், அது படத்துல வேற வரப் போறதும் தெரிஞ்சா அவங்க இவரை உண்டு இல்லைன்னு பண்ணிடுவாங்களாம். அதனால ஞாயித்துக்கிழமை நானும் அவரும் முதல் தடவை பாத்துக்கற மாதிரி இருக்கணும்னு கையைப் பிடிச்சுக் கேட்டுக்கிட்டார்; எழுந்து போய், சிரிச்சு, 'வாங்க சம்பந்தி'ன்னு ஆச்சரியமா சொல்லணும்... நேத்துலேருந்து கண்ணாடி முன்னாடி நின்னு நின்னு பாக்கறேன், அந்தச் சிரிப்பு வரவே மாட்டேங்குது, எனக்கு உயிரோட நடிச்சுப் பழக்கமே இல்ல.